எடைச்சீட்டு

சனிக்கிழமை மாலையே மோட்டாரில் போய்
தண்ணீர் போத்தல்களை ஒளித்து வைப்பேன்.
ஆறாவது கிலோமீட்டரில் மதகுக்குப் பின்னால்.
பன்னிரண்டில் சூராவ் வேலியோரம்.
பதினெட்டில் கோயில் குழாய் உண்டு, போத்தல் வேண்டாம்.
இருபத்துமூன்றில் வைப்பதைக் குரங்கு குடித்துவிடும்,
தெரிந்தும் வைப்பேன்.

ஞாயிறு விடிகாலை நாலரை.
பகாவ் தாண்டி செர்த்திங் சாலை
ஏறும், இறங்கும்,
இறங்கியதை மறந்துவிட்டு மறுபடி ஏறும்.
காரில் போகிறவர்களுக்கு இது சமதரை.
இருபது வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வேலை, செம்பனை ஆலையின் எடைமேடையில்.
பாரத்தோடு வரும் லாரியை ஒருமுறை,
காலியாய்த் திரும்பும்போது ஒருமுறை.
கழித்தால் வருவது பழம்.
வாசல் காவலர் பாக் சுடின்
நான் நொண்டிக்கொண்டு வரும் திங்கட்கிழமைகளில்
"லாரி லாகி?" என்பார்.
அவர் மொழியில் லாரி என்றால் ஓட்டம்.
என் மொழியில் அது
ஒரு நாளைக்கு எண்பது முறை வந்து போகும்.

முதல் வாரங்கள்தான் என்னைக் கெடுத்தன.
பதினெட்டு, இருபது, இருபத்துநாலு.
ஒரு ஞாயிறு, மூச்சு வாங்குவதே தெரியவில்லை.
பனிக்குள்ளிருந்து சைக்கிள்களில்
ரஃபிக்குலும் கூட்டாளிகளும் வந்தார்கள்,
குலை வெட்டும் நீளக்கம்பு தோளில்.
ஏற்றத்தில் அவர்களைத் தாண்டினேன்.
ஒற்றைக் கை விட்டுக் கைதட்ட முடியாமல்
மணி அடித்தார்கள்.
அன்று மூன்று தோசை கூடுதலாகப் பசியாறினேன்.
நவம்பரில் ஓட வேண்டிய பினாங்குப் பாலத்தை
ஆகஸ்டிலேயே ஓடி முடித்தவள்போல
மீன்காரியிடம் பேசினேன்.

அடுத்த வாரம் இருபத்தொன்பது.
பதினாறிலேயே இடது முழங்காலின் வெளிப்பக்கம்
யாரோ திருகாணி முடுக்கினார்கள்.
புகைமூட்டம். நாக்கில் கரி.
சாலையில் சிதறிய உதிரிப்பழம் மிதிபட்டு வழுக்கிற்று.
கோயில் குழாயில் காற்று மட்டும் வந்தது.
இருபத்தொன்றில், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன்.
உட்கார்ந்தேன் என்பது மரியாதையான சொல்.

பாரத்தோடு வந்த லாரி நின்றது. அருள்வேந்தன்.
"ஏறுங்கக்கா."
வேறெதுவும் கேட்கவில்லை, ஏர்கோனைக் கூட்டினான்.
ஆலை வாசல். என்னுடைய எடைமேடை.
கண்ணாடிக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைப் பையன் ஹஃபிஸ்
தலை நிமிராமல் பித்தானை அழுத்தினான்.
உள்ளே போனதும் நான் இறங்கிக்கொண்டேன்.
லாரி காலியாய்த் திரும்பி மேடையில் நின்றது.
கழித்தான். சீட்டு வந்தது.

ராத்திரி,
காலில் ஐஸ் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.
அந்தச் சீட்டில் அறுபது கிலோ நான்.
பழமென்று பதிவாகி
இந்நேரம் வெந்து, நசுங்கி,
எண்ணெயாய் வடிந்துகொண்டிருப்பேன்.
நான் ஓடாமல் விட்ட எட்டு கிலோமீட்டருக்கு
ஆலை நாற்பத்தெட்டு வெள்ளி கொடுத்திருக்கிறது.

திங்கட்கிழமை கணக்கைத் திருத்தினேன்.
காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
"ஆள்" என்று எழுதினேன்.
மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.
பத்து நாள் ஓடவில்லை.
ஒளித்த போத்தல்களை எடுக்கவும் போகவில்லை.

இன்று முப்பத்திரண்டு.
இருபத்துமூன்றில் பழைய போத்தல் கிடந்தது,
மூடியில் பல்தடம், உள்ளே ஓர் எறும்பு.
பக்கத்தில் நேற்று வைத்த புதியது
தொடாமல் இருந்தது. பாதி குடித்தேன்,
பாதியை வைத்துவிட்டு வந்தேன்.
முழங்கால் இருக்கிறது, பேசவில்லை.

இருபத்தொன்பது. கடைசி மேடு.
பின்னால் கியர் மாற்றும் சத்தம்.
எனக்குத் தெரிந்த சத்தம்,
ஜன்னல் மூடியிருந்தாலும் எண் சொல்வேன்.
என் பக்கமாய் வந்து வேகம் குறைகிறது,
கண்ணாடி இறங்குகிறது,
உள்ளிருந்து குளிர் ஒரு முழம் வெளியே நீளுகிறது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கையை ஆட்டினேன்.
போ என்பதற்கும் நில் என்பதற்கும்
எனக்கு இப்போது ஒரே கைதான் இருக்கிறது.